வெண்டைப் பாத்தியில் வெள்ளை நூல் பருவம்

வெண்டை போடுகிறவர்களிடமிருந்து எனக்கு வரும் கேள்விகளில் பாதி ஒரே மாதிரிதான் இருக்கும். "செடி முழங்கால் உயரம் வந்துவிட்டது, களையும் அதே உயரம் நிற்கிறது, என்ன மருந்து அடிக்கலாம்?" என்பார்கள். அந்த நிலையில் நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். இந்த முறை கையால் பிடுங்குங்கள். அடுத்த முறை விதைத்த பத்தாம் நாள் பாத்தியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரலால் மேல்மண்ணைக் கீறிப் பாருங்கள். கேட்டவருக்கு ஏமாற்றமாக இருக்கும், தெரியும். ஆனாலும் வெண்டையில் களையைக் கண்ணுக்குச் சரியாகப் படாத அளவில் இருக்கும்போதே முடிக்க வேண்டும் என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை.

காரணம் வெண்டையின் வளர்ச்சியிலேயே இருக்கிறது. சூடான மண்ணில், இரவு முழுக்க ஊறவைத்த விதை நாலைந்து நாளில் முளைத்துவிடும். தடித்த இரண்டு விதையிலைகளை அகல விரித்துக்கொண்டு வரும்போது பார்த்தால், இது யாரையும் ஜெயித்துவிடும் என்று தோன்றும். அதற்குப் பிறகு மேலே வளர்ச்சி தெரியாது. இரண்டு வாரம், மூன்று வாரம் ஆகியும் இலை எண்ணிக்கை மெதுவாகத்தான் கூடும். ஆணிவேர் கீழே இறங்கிக்கொண்டிருக்கும் நேரம் அது. வரிசைக்கு வரிசை 45 முதல் 60 சென்டிமீட்டர் இடைவெளி விட்டிருப்போம். இலைகள் ஒன்றையொன்று தொட்டு அந்த இடத்தை மூடுவதற்கு ஆறு வாரமாவது ஆகும். அதுவரை வரிசைகளுக்கு நடுவே ஈரமும் எருவும் போட்ட வெறும் மண் வெயிலில் கிடக்கிறது. களைக்கு வேறென்ன வேண்டும்?

ஆகவே விதைத்த இரண்டாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம் வரைதான் பயிரின் கதி முடிவாகிறது. இந்த ஒரு மாதத்தில் பாத்தி சுத்தமாக இருந்தால், பிறகு முளைக்கிற களை வெண்டையின் நிழலுக்கு அடியில் திணறித்தான் வளரும். காய்ப்பில் பெரிய சேதம் செய்யாது. இந்த ஒரு மாதத்தைக் கோட்டைவிட்டு ஏழாவது வாரத்தில் முழுக்கச் சுத்தம் செய்தாலும் போனது போனதுதான். செடி ஒல்லியாக, கிளையில்லாமல், இலைக்காம்புகளை நீட்டிக்கொண்டு நிற்கும். கடைசிவரை களை எடுக்காமலே விட்டால் காய்ப்பில் பாதிக்கு மேல் போய்விடும். 45, 50 நாளில் முதல் பறிப்பு வருகிற பயிரில், பூ வரும் முன்பே விளைச்சலின் அளவு தீர்மானமாகிவிடுகிறது என்பதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, பத்தாம் நாள் கீறிப் பார்த்தால் என்ன தெரியும்? மேல் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாக, தையல் நூலைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டதுபோல் கிடக்கும். அவை முளைவிட்டும் இன்னும் வெளியே வராத களைகள். சிலவற்றின் நுனியில் மட்டும் பச்சை எட்டிப் பார்க்கும். இதைத்தான் வெள்ளை நூல் பருவம் என்கிறேன். இந்தக் கட்டத்தில் களையைக் கொல்வதற்குப் பிடுங்க வேண்டியதில்லை, வெட்டக்கூட வேண்டியதில்லை. மண்ணை லேசாகப் புரட்டி நூலை வெயிலுக்குக் காட்டினால் போதும், ஒரு மணி நேரத்தில் சுருண்டுவிடும். வரிசை நடுவில் ஒரு கம்பிப் பரம்பை இழுத்துக்கொண்டே நடந்தால் ஒரு பாத்தி நொடியில் முடியும். அதே களைகளை மூன்று வாரம் விட்டுவிட்டால், அதே பாத்திக்குக் குனிந்து ஒரு காலைப்பொழுது முழுக்கச் செலவாகும். பிடுங்கும்போது வெண்டையின் வேரும் சேர்ந்து அசையும்.

இதைக் காலை வெயில் ஏறத் தொடங்கும்போது செய்ய வேண்டும். மாலையில் செய்தால் இரவு ஈரத்தில் பாதி திரும்ப வேர் பிடிக்கும். செய்த அன்று தண்ணீர் பாய்ச்சக்கூடாது. மழை வரும் போலிருந்தால் அடுத்த நாளுக்குத் தள்ளிப்போடுங்கள். மண் மேலே காய்ந்து கீழே ஈரமாக இருப்பதுதான் சரியான பதம். கையில் எடுத்தால் ஒட்டக்கூடாது, ஊதினால் பறக்கவும் கூடாது.

ஆழத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பலர் கொத்தை ஓங்கிப் போட்டு மண்ணைக் கட்டி கட்டியாகப் புரட்டுவார்கள். பார்க்க வேலை நடந்த மாதிரி இருக்கும். சிறிய களை விதைகளில் பெரும்பாலானவை மேலேயுள்ள சில சென்டிமீட்டருக்குள் இருந்தால்தான் முளைத்து வெளியே வர முடியும். அதற்குக் கீழே இருப்பவை உறங்கிக்கொண்டு காத்திருக்கின்றன. பல விதைகள் ஒரு கணம் வெளிச்சம் பட்டாலே விழித்துக்கொள்ளும் தன்மை உள்ளவை. ஆழமாகப் புரட்டும் ஒவ்வொரு முறையும் கீழே உறங்கியதை மேலே கொண்டுவந்து, வெளிச்சம் காட்டி, முளைக்கச் சொல்கிறோம். வெண்டையின் உணவு உறிஞ்சும் பக்கவேர்களும் மேல்மண்ணில்தான் படர்கின்றன. அதனால் செடிக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் கத்தி இறங்கக்கூடாது.

அந்த உறக்கம் எவ்வளவு நீளமானது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் பிரமிப்புதான். 1879ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் ஜேம்ஸ் பீல் என்ற தாவரவியல் பேராசிரியர், 21 வகைச் செடிகளின் விதைகளை, வகைக்கு 50 வீதம், மணலோடு கலந்து 20 குப்பிகளில் போட்டு மண்ணில் புதைத்தார். விதை எத்தனை ஆண்டு உயிரோடு இருக்கும் என்று பார்ப்பதற்காக. அவருக்குப் பின் வந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அந்தக் குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து விதைத்துப் பார்க்கிறார்கள். 2021இல் எடுத்த குப்பியிலும் வெர்பாஸ்கம் என்ற ஒரு களையின் விதைகள் முளைத்தன. 142 ஆண்டு! எல்லாக் களை விதையும் அவ்வளவு காலம் தாங்காது. ஆனால் ஒரு களையை விதை கட்ட விட்டால் அந்தக் கணக்கு ஒரு பருவத்தோடு தீராது என்பது இதிலிருந்து விளங்கும். நன்றாக வளர்ந்த ஒரு முள்ளுக்கீரைச் செடி லட்சத்துக்கும் மேல் விதை போடும். பார்த்தீனியம் ஒரு செடிக்கு 15,000க்கு மேல் போடும். ஒரே ஒரு செடிதானே என்று விட்டுவைக்க எனக்கு மனசு வராது.

விதைக்கும் முன்பே பாதி வேலையை முடித்துவிடலாம். உழுது, எருவிட்டு, பார் பிடித்து, அப்படியே விதைக்கக்கூடிய நிலைக்குப் பாத்தியைத் தயார் செய்துவிட்டு, விதைக்காமல் தண்ணீர் மட்டும் விடுங்கள். பத்துப் பதினைந்து நாளில் பாத்தி பச்சைக் கம்பளம் போட்டுவிடும். அவ்வளவும் வெண்டையோடு சேர்ந்து முளைத்திருக்க வேண்டியவை. அவற்றை மேலாகச் செதுக்கிக் காயவிட்டு, மண்ணை மறுபடி உழாமல், விதை விழும் குழியை மட்டும் கிளறி விதைத்துவிட வேண்டும். இந்தப் பொய் விதைப்பை ஒழுங்காகச் செய்த பாத்தியையும் செய்யாத பாத்தியையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தவர்கள் திரும்பப் பழைய வழிக்குப் போக மாட்டார்கள். பருவம் தவறிவிடுமே என்ற அவசரம்தான் தடை. ஆனால் இங்கே காத்திருக்கும் இரண்டு வாரம் பின்னால் களைக்கூலியாகவும் நேரமாகவும் திரும்பி வருகிறது. செதுக்கிய பிறகு "கொஞ்சம் கிளறிவிடலாமே" என்று கை பரபரக்கும். கிளறினால் செய்த வேலை மொத்தமும் வீண்.

விதையைத் தூவாமல் கயிறு பிடித்து வரிசையாக ஊன்றுங்கள். வரிசை இடைவெளியைக் களைக்கருவியின் அகலத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கருவி தாராளமாகப் போய்வர இடமிருந்தால் கையால் எடுக்க வேண்டியது செடிக்குச் செடி நடுவிலுள்ள சிறு பகுதி மட்டும்தான். சொட்டுநீர் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் வசதி. ஈரம் செடியைச் சுற்றி மட்டும் இருப்பதால், மழையில்லாத நாட்களில் நடுவிலுள்ள காய்ந்த மண்ணில் களை அதிகம் முளைப்பதில்லை.

இனி, நாற்றை அடையாளம் காண்பது. களை எடுப்பதில் இதைவிட முக்கியமான திறமை இல்லை என்று நினைக்கிறேன். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் தோட்டத்தில் களை எடுக்கும் ஓர் அக்கா. வெண்டை முளைக்கும் நேரத்தில் துத்தியும் முளைக்கும். இரண்டும் ஒரே குடும்பம், அதனால் சின்னதில் இரண்டும் வட்ட இலையோடு அண்ணன் தம்பியாகத்தான் தெரியும். அக்கா கண்ணால் பார்க்க மாட்டார். இலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தடவுவார். "மெத்துனு இருந்தா துத்தி தம்பி. சொரசொரன்னு இருந்தா வெண்டை. கண்ணு ஏமாத்தும், விரல் ஏமாத்தாது" என்பார். அதற்குப் பிறகு நானும் தடவிப் பார்க்காமல் பிடுங்குவதில்லை. வெண்டையின் விதையிலை தடிப்பாக, நரம்பு தெளிவாக, அளவில் பெரிதாக இருக்கும். துத்தியின் விதையிலை அதில் கால் பங்குகூட இராது.

மற்றவற்றைச் சொல்வதென்றால், சாரணையின் இலை சதைப்பற்றோடு இருக்கும். எதிரெதிரே வரும் இரண்டு இலைகளில் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருப்பதைக் கவனித்தால் தப்பாது. இது மழைக்குப் பின் பாய் விரித்த மாதிரி மொத்தப் பாத்தியையும் மூடிவிடும் வேகம் கொண்டது, வெண்டைக்கு முதல் மாதத்துப் பெரிய எதிரி. பருப்புக்கீரையும் சதைப்பற்றுள்ளதுதான், ஆனால் தண்டு சிவந்து வழவழப்பாக இருக்கும். இதைப் பிடுங்கி வரிசை நடுவிலேயே போட்டுவிட்டுப் போனால் துண்டுகள் திரும்ப வேர்விடும். பூத்திருந்தால் பிடுங்கிக் கிடக்கும் நிலையிலேயே விதையை முற்றவைத்துவிடும். ஆகவே இதைச் சின்னதிலேயே செதுக்க வேண்டும், பெரிதாகிவிட்டால் கூடையில் எடுத்து வெளியே கொண்டுபோக வேண்டும். முள்ளுக்கீரை நாற்றின் விதையிலை ஒல்லியாக நீண்டிருக்கும், அடிப்பக்கம் பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். பார்த்தீனியம் முதலில் தரையோடு படிந்து, ஆழமாக வெட்டுப்பட்ட இலைகளை வட்டமாக விரிக்கும். அந்த நிலையில் ஒரு கொத்துப் போதும். பூத்துவிட்டால் தொடுவதே தொல்லை; தோலில் அரிப்பும் தடிப்பும், சிலருக்கு மூச்சுத் திணறலும் வரும். கையுறை இல்லாமல் யாரையும் பார்த்தீனியம் பிடுங்க அனுப்பாதீர்கள்.

கோரைக்குத் தனியாகத்தான் பேச வேண்டும். நான் மேலே சொன்ன எதுவும் கோரைக்கு அப்படியே பொருந்தாது. 1977இல் லெராய் ஹோம் என்ற களை ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் உலகின் மோசமான களைகளை வரிசைப்படுத்தியபோது முதலிடம் கொடுத்தது இதற்குத்தான். பார்க்கப் புல் மாதிரி இருக்கும், ஆனால் புல் இல்லை. பூத்தண்டை விரல்களுக்கிடையில் உருட்டிப் பாருங்கள், மூன்று பட்டையாக இடறும். மேலே தெரிவது அதன் சிறு பகுதி. கீழே கிழங்கு, அதிலிருந்து வேர்த்தண்டு, அதன் முனையில் இன்னொரு கிழங்கு என்று சங்கிலியாகப் போய்க்கொண்டே இருக்கும்.

அந்தச் சங்கிலியில் ஒரு தந்திரம் உண்டு. சங்கிலி அறுபடாமல் இருக்கும்வரை முன்னால் இருக்கும் கிழங்கு முளைத்து மற்றவற்றை அடக்கிவைக்கும். கொத்தியோ உழுதோ சங்கிலியை அறுத்தால் ஒவ்வொரு கிழங்கும் தனி ஆளாகி முளைக்கும். அதனால்தான் கோரை எடுத்த பாத்தியில் பத்து நாளில் முன்பைவிட அடர்த்தியாகக் கோரை நிற்கிறது. இதைக் கண்டு மனம் விட்டுப்போகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் இந்தக் குணத்தை நம் பக்கம் திருப்ப முடியும். அறுத்து எல்லாவற்றையும் முளைக்க வைத்துவிட்டு, அவை இலை விட்டுக் கிழங்குக்குச் சத்தைத் திருப்பி அனுப்பும் முன் மறுபடி வெட்ட வேண்டும். முளைத்துச் சுமார் மூன்று வாரத்தில் புதுக் கிழங்கு கட்டத் தொடங்கிவிடும். அதனால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, தவறாமல், வளர்ந்த இலையை மண்ணுக்குச் சற்றுக் கீழே அறுத்துக்கொண்டே இருந்தால் கிழங்கு தன் சேமிப்பைச் செலவழித்துச் செலவழித்து ஒடுங்கும். நடுவில் ஒரு மாதம் விட்டால் பழைய இடத்துக்கு வந்துவிடுவோம்.

கோரைக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. ஒன்று நிழல். அடர்ந்த நிழலில் கோரை மெலிந்து, கிழங்கு கட்டுவது குறைந்துபோகும். வெண்டை இலை மூடும்வரை அதை அடக்கிவைத்தால் மீதியை வெண்டையே பார்த்துக்கொள்ளும். கோரை மிகுந்த பாத்தியில் அடர்ந்து படரும் தட்டைப்பயறு போன்ற ஒன்றை ஒரு பருவம் போட்டுவிட்டு அடுத்ததாக வெண்டைக்கு வருவதும் நல்ல வழி. மற்றொன்று வறட்சி. கிழங்குகளில் பெரும்பகுதி மேல் 15 சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். கடும் வெயில் காலத்தில் உழுது அவற்றை மேலே கொண்டுவந்து, தண்ணீர் காட்டாமல், ஒன்றிரண்டு வாரம் விட்டு மறுபடி உழுது காயவிட்டால் ஏராளமான கிழங்குகள் செத்துப்போகும். ஒரு கோடை முழுக்க அதற்காக நிலத்தைச் சும்மா போட நேர்ந்தாலும் அது நட்டமில்லை. கோரைப் பாத்தியில் வேலை செய்த கொத்தையும் கலப்பையையும் மண் உதறாமல் அடுத்த பாத்திக்குக் கொண்டுபோகாதீர்கள். ஒரு கிழங்கு ஒட்டிக்கொண்டு போனால் போதும்.

அருகும் இதே ரகம்தான். தரைமேல் ஓடும் தண்டாலும் மண்ணுக்குள் ஓடும் தண்டாலும் பரவும். துண்டாக நறுக்காமல் கடப்பாரையோ முள்கரண்டிக் கொத்தோ போட்டுத் தோண்டி, முழுக் கொடியாக உருவி எடுக்க வேண்டும். வரப்பிலிருந்துதான் உள்ளே வரும், அதனால் வரப்பை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்கு வெறும் மண்ணாக வைத்திருங்கள்.

மூடாக்கு போடுவது எனக்கு மிகப் பிடித்த வேலை. செடி ஒரு சாண் உயரம் வந்து, வெள்ளை நூல் ஓட்டம் ஒன்றிரண்டு முடிந்த பிறகு, வைக்கோலையோ காய்ந்த இலைதழையையோ நாலு விரல் கனத்துக்குப் பரப்பிவிடுவேன். அதைவிட மெல்லிசாகப் போட்டால் களை ஊடே வந்துவிடும். தண்டைச் சுற்றி ஒரு கைப்பிடி இடம் விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் ஈரம் நின்று தண்டு அழுகும். வைக்கோலில் மிச்சமிருக்கும் மணிகளும் புல் விதைகளும் தானே களையாக முளைக்கும், அதனால் உதறிப் போடுங்கள். ஏற்கெனவே முளைத்து நிற்கும் களைமேல் மூடாக்கு போடுவதில் பயனில்லை. சுத்தம் செய்த மண்மேல்தான் போட வேண்டும்.

நிலப்போர்வை என்கிற பிளாஸ்டிக் விரிப்பு, விதையிலிருந்து முளைத்து ஓர் ஆண்டுக்குள் முடிந்துபோகும் ஆண்டுக்களைகளை ஏறத்தாழ முழுக்க நிறுத்திவிடும். மேலே வெள்ளி நிறமும் கீழே கறுப்பும் உள்ளதை வாங்கினால், கறுப்புப் பக்கம் வெளிச்சத்தை மறைக்கும், வெள்ளிப் பக்கம் திருப்பி அனுப்பும் வெளிச்சம் வெள்ளை ஈயையும் அசுவினியையும் செடியில் இறங்கவிடாமல் தடுமாறச் செய்யும். வெண்டைக்கு இது இரட்டை லாபம். ஆனால் கோரையின் கூர்முனை அந்த விரிப்பையும் குத்திக்கொண்டு மேலே வரும். பயிர் முடிந்ததும் ஒரு துண்டு விடாமல் சுருட்டி எடுக்க வேண்டும். கிழிந்து மண்ணோடு கலந்த பிளாஸ்டிக்கை எந்தக் கொத்தாலும் பிரித்தெடுக்க முடியாது, அதனால் அதை ஒழுங்காக எடுத்து அகற்ற வழியில்லாதவர்கள் போடவே வேண்டாம் என்பது என் கருத்து. வெயில் மிகுந்த காலத்தில் ஈரமான நிலத்தின்மேல் கண்ணாடி போன்ற தெளிவான விரிப்பை நாலிலிருந்து ஆறு வாரம் மூடி மண்ணைச் சுடவைக்கும் முறையும் உண்டு. இஸ்ரேலில் காட்டான் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1976இல் இதை மண்ணின் நோய்க்கிருமிகளுக்காக அறிமுகப்படுத்தினார்கள். மேல்மண்ணில் உள்ள பல களை விதைகளும் அந்தச் சூட்டில் வெந்துவிடும். நாற்றங்கால் அளவு சிறிய இடத்துக்கு இது ஏற்றது. கோரைக் கிழங்கு இதிலும் தப்பிவிடும்.

களைக்கொல்லி பற்றிக் கேட்கிறவர்களுக்கு நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். வெண்டையில் பரவலாகப் பயன்படுவது பென்டிமெத்தாலின். விதைத்த மூன்று நாளுக்குள், களையும் பயிரும் முளைக்கும் முன், ஈரமான மண்மேல் தெளிக்க வேண்டியது. ஹெக்டேருக்கு 1 கிலோ செயல்பொருள், அதாவது மருந்தில் களையைக் கொல்லும் சரக்கு மட்டும், என்பது வழக்கமான பரிந்துரை. 30 சதவீத மருந்தாக இருந்தால் ஏறக்குறைய 3.3 லிட்டர் வரும். அது மேல்மண்ணில் ஒரு மெல்லிய படலமாகத் தங்கி, அதன் வழியே முளைத்து வரும் சிறு விதைகளின் வேரிலும் தண்டிலும் செல் பிரியவிடாமல் தடுக்கிறது. வெண்டை விதை இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் இருப்பதால் பெரும்பாலும் தப்பிக்கிறது. மணற்பாங்கான மண்ணில் மருந்து கீழே இறங்கி வெண்டையையும் குட்டையாக்கக்கூடும், அங்கே அளவைக் குறைக்க வேண்டும். தெளித்த பிறகு மண்ணைக் கிளறக்கூடாது, படலம் உடைந்துவிடும். இதற்கு மேலும் முப்பது நாளையொட்டி ஒரு கைக்களை அவசியம். கோரையையும் அருகையும் இது ஒன்றும் செய்யாது. எதை வாங்கினாலும் லேபிளில் வெண்டையின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், உங்கள் நாட்டின் விதி எதுவோ அதன்படி நடங்கள். நான் என் பாத்திகளில் இதைத் தெளிப்பதில்லை. பொய் விதைப்பும் வெள்ளை நூல் ஓட்டமும் எனக்குப் போதுமாக இருக்கின்றன. பெரிய பரப்பில், ஆள் கிடைக்காமல் தவிக்கிறவர் அளவறிந்து ஒரு முறை தெளித்தால் அவரைக் குறை சொல்லவும் மாட்டேன்.

முளைத்த வெண்டைக்கு நடுவே கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை அடிக்கலாமா என்று கேட்பவர்களிடம் மட்டும் குரலை உயர்த்துகிறேன். வேண்டாம். ஒரு தூறல் இலையில் பட்டாலும் செடி போய்விடும். 2,4-டி என்ற களைக்கொல்லி இன்னும் கொடியது, ஏனென்றால் பருத்தியும் வெண்டையும் அடங்கிய குடும்பமே அதற்கு மிக எளிதில் பாதிக்கப்படும். பக்கத்து வயலில் தானியப் பயிருக்கு அடித்த 2,4-டி காற்றில் வந்து படிந்தாலே வெண்டையின் இளம் இலைகள் விரல் விரலாகக் குறுகி, முறுக்கி, நரம்புகள் இறுகிப்போகும். அந்த இலையைக் கண்டு நோய் என்று நினைத்துப் பூச்சிமருந்து அடிப்பவர்கள் உண்டு. அக்கம்பக்கத்தில் யார் எப்போது என்ன தெளிக்கிறார்கள் என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். களைக்கொல்லிக்கு என்று ஒரு தெளிப்பான் தனியாக இருக்க வேண்டும். அதில் வேறெதையும் ஊற்றக்கூடாது. 2,4-டி இருந்த தொட்டியைச் சும்மா கழுவினால் போவதில்லை.

கருவியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. எங்கு பார்த்தாலும் காய்கறிப் பாத்தியில் குனிந்து களை எடுப்பவர்கள் அதிகமும் பெண்கள். சாண் அளவு பிடி போட்ட கொத்தைக் கையில் கொடுத்து, நாள் முழுக்கக் குனியவைத்து, அவர்கள் முதுகு வலிக்கிறது என்றால் வயசாகிவிட்டது என்கிறோம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பண்ணைத் தொழிலாளர்களின் முதுகெலும்பைக் கெடுக்கிறது என்ற வழக்கின் முடிவில் குட்டைப்பிடிக் கொத்து 1975இல் தடை செய்யப்பட்டது. பிடியின் நீளம் ஒரு நீதிமன்றம் வரை போக வேண்டிய விஷயம் என்று அன்றைக்கே புரிந்துகொண்டார்கள். நின்றபடி இழுக்கக்கூடிய, நெஞ்சளவு பிடி போட்ட, தட்டையான கத்தியுள்ள களைக்கருவி இருந்தால் வரிசை நடுவில் யாரும் குனியவே வேண்டாம். சக்கரம் வைத்துத் தள்ளும் கருவி இன்னும் வேகம். கத்தியை ஒவ்வொரு காலையும் அரத்தால் இரண்டு இழுப்பு தீட்டிவிட வேண்டும். மழுங்கிய கத்தி களையை அறுக்காமல் தள்ளிவிட்டுப் போகும், இழுப்பவருக்குத் தோள் வலிதான் மிச்சம். முன்னே சொன்ன அக்கா நீளப்பிடிக்கு மாறிய பிறகு, சாயங்காலம் வேலை முடிந்து நிமிர்ந்து நடந்து போகிறார். எனக்கு விளைச்சலைவிட அது பெரிதாகப் படுகிறது.

வளர்ந்த வெண்டைக்கு நடுவே போகும்போது முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். இலையிலும் தண்டிலும் உள்ள சுணை தோலில் ஏறினால் இரவெல்லாம் அரிக்கும். முப்பதாம் நாளையொட்டி மேலுரம் போட்டு மண் அணைக்கும்போது, செடியடியில் மிச்சமிருக்கும் சின்னக் களைகள் மண்ணுக்குள் புதைந்துபோகும். அதற்குப் பிறகு பறிப்புக்குப் போகும் நாட்களிலேயே, கண்ணில் படுவதைப் பூக்கும் முன் பிடுங்கிக்கொண்டு வந்தால் போதும்.

ஆனால் வரப்பை மறந்துவிடக்கூடாது. வெண்டைக்கு வரும் நோய்களில் கொடியது மஞ்சள் நரம்புத் தேமல். அதைச் செடிக்குச் செடி கொண்டுபோவது வெள்ளை ஈ. வரப்பிலும் வேலியோரத்திலும் நிற்கும் துத்தி போன்ற களைகளில் வெள்ளை ஈ பல்கிப் பெருகி, இளம் வெண்டைக்கு இறங்கும். பாத்திக்குள் ஒரு களைகூட இல்லாமல் வைத்துவிட்டு வரப்பில் துத்திக் காடு வளர்த்தால் நோய் உள்ளே வந்தே தீரும். விதைப்பதற்கு முன்பே வரப்பைச் சுத்தம் செய்யுங்கள். பயிர் வளர்ந்த பின் வெட்டினால் அங்கே இருக்கும் ஈக்கள் அத்தனையும் கிளம்பி வெண்டைக்குத்தான் வரும். வேரில் முடிச்சு போடும் நூற்புழுவும் பல களைகளின் வேரில் தங்கிப் பிழைக்கும். வெண்டை அதற்கும் எளிதில் ஆட்படும் பயிர்.

கடைசிப் பறிப்பு முடிந்ததும் பலர் பாத்தியை அப்படியே விட்டுவிடுவார்கள். தண்ணீர் மிச்சம், எரு மிச்சம், கவனிக்க ஆளில்லை. களைகள் விதை கொட்டுவது அந்த மாதத்தில்தான். காய்ப்பு ஓய்ந்த வாரமே வெண்டைத் தண்டுகளை வெட்டி எடுத்து, நிற்கும் களைகளையும் செதுக்கிவிட வேண்டும். பூக்காதவற்றை அங்கேயே மூடாக்காக விடலாம். விதை கட்டியவற்றை மட்டும் தலை கவிழாமல் சாக்கில் போட்டுத் தனிக் குவியலுக்குக் கொண்டுபோங்கள். மட்க வைப்பதாக இருந்தால் குவியலின் உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடு தொடர்ந்து சில நாட்கள் நிற்க வேண்டும். ஓரத்தில் இருப்பது உள்ளே போகும்படி புரட்டி மறுபடி சூடேற விட வேண்டும். சரியாகச் சூடேறாத குவியலும், நன்றாக மட்காத தொழுவுரமும் களை விதையைத் தோட்டம் முழுக்கச் சமமாகப் பரப்பிவிடும். ஆடு மாடு தின்ற களையின் விதைகளில் ஒரு பகுதி சாணத்தில் உயிரோடுதான் வெளியே வருகிறது. எரு வாங்கினால் ஒரு கூடையை ஈரமாக்கி ஓரமாக வைத்து, இரண்டு வாரம் என்ன முளைக்கிறது என்று பார்த்துவிட்டு மீதியை இறக்கச் சொல்லுங்கள்.